உப்பேறிய பைக் சீட்: புது உறை தைப்பதா, சீட்டையே மாற்றுவதா?

கேள்வி: பாம்பனிலிருந்து

வணக்கம். என் அப்பா 2010ஆம் ஆண்டில் வாங்கி ஓட்டிய 100 சிசி வண்டியை மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டி வருகிறேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. சீட்தான் இனித் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். விடியற்காலையில் கரை ஏறியதும் கடல் தண்ணீர் சொட்டும் கைலியோடு அந்தச் சீட்டில் அமர்ந்துதான் வீட்டுக்கு வருவார். பின்பக்கம் மீன் பெட்டியைக் கட்டி ஏலத்துக்குக் கொண்டுபோன நாட்களில் ஐஸ் உருகிய தண்ணீரும் அதே சீட்டில்தான் வடிந்தது.

இப்போது வாரத்தில் ஆறு நாள் வேலைக்காக ராமநாதபுரம் போய் வருகிறேன்; போக வர 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். உச்சிப்புளியைத் தாண்டுவதற்குள்ளேயே தொடை மரத்துப்போகிறது. முன்பகுதியில் பஞ்சு அமுங்கி, அடித்தகடு உட்காரும் இடத்தில் உறுத்துகிறது. ஓரத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. பின்பகுதி ரெக்சின் காய்ந்த கருவாட்டுத் தோல்போல விறைத்து வெடித்திருக்கிறது. மீன் வாடைக்கு வந்த காகங்கள் கொத்திய ஓட்டைகளும் அங்கங்கே உண்டு. இவற்றையெல்லாம் மறைப்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேலே ஒரு ரெடிமேட் கவரை மாட்டினேன்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் காலையில் உட்கார்ந்தால் பேண்ட் ஈரமாகிறது. பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தினால் காய்ந்ததுபோலத் தெரிகிறது. மறுநாள் விடிந்ததும் மறுபடியும் ஈரம். தையல் ஓரமெங்கும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் விசாரித்ததில், ரெக்சின் மட்டும் மாற்ற 550 ரூபாயும், பஞ்சும் சேர்த்து மாற்ற 1,200 ரூபாயும் கேட்டார்கள். உதிரிபாகக் கடையில் முழு சீட் 1,750 ரூபாய் என்றார்கள். பழைய தகட்டின் கனம் புதியவற்றில் வராது, ஆகவே சீட்டை மாற்றக் கூடாது என்கிறார் அப்பா. மாதம் ஒரு முறை முதுகுவலிக்காக அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்பதால், என் வசதியைவிட அவருடைய வசதியே எனக்கு முக்கியம். எதைச் செய்வது சரியாக இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கீழக்கரை, குஷன் வேலை செய்பவர்

தம்பி, கீழக்கரையில் 22 ஆண்டுகளாகச் சீட் வேலை செய்து வருகிறேன். உங்களிடம் விலை சொன்னவர் சீட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தாரா என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்புவது. பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்த மூன்று விலைகளையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நம் கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்கு, மேலே தெரியும் கிழிசலை வைத்து முடிவெடுக்கவே கூடாது. சீட் மேலிருந்து கிழிகிறது, கீழிருந்து சாகிறது.

முதலில் தகடு. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக். இரும்பாக இருந்தால், உறையின் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதற்காக ஓரம் முழுவதும் சிறு பற்கள் மடித்துவிடப்பட்டிருக்கும். பிளாஸ்டிக்காக இருந்தால் ஸ்டேப்லர் பின் அடித்திருக்கும். துரு பிடித்த இடங்களில் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திக் குத்துங்கள். மேலே செதில் உதிர்ந்து அடியில் திடமான இரும்பு தெரிந்தால் கவலை இல்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடித்தால் இன்னும் பல ஆண்டுகள் வரும். முனை உள்ளே இறங்கிவிட்டால் அது எந்த இடம் என்று பாருங்கள். நடுவில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம். பூட்டுக் கொக்கி பற்றவைத்த இடத்திலோ, போல்ட் ஏறும் இடத்திலோ தகடு இற்றுப்போயிருந்தால் அந்தத் தகட்டின் மேல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடம் விட்டுவிட்டால் கீழே விழுவது பின்னால் இருப்பவர்தான்.

அடுத்து பஞ்சு. கம்பெனியிலிருந்து வரும் பஞ்சு அச்சில் ஊற்றி வார்த்தது. ஓரங்களும் சரிவும் அதோடு சேர்ந்தே உருவானவை. கடைகளில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று விற்பது மெத்தைக்கும் சோபாவுக்கும் வரும் பலகைப் பஞ்சு. அந்த எண் ஒரு கன மீட்டர் பஞ்சின் எடையைக் கிலோவில் சொல்வது. சோபாவில் உடம்பின் பாரம் அகலமாகப் பரவுகிறது. பைக் சீட்டில் அது இரண்டு உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது, கூடவே சாலையின் அடியும் சேர்கிறது. ஆகவே 32 டென்சிட்டிப் பஞ்சை வெட்டிப் போட்டால் முதல் வாரம் மெத்தென்று இருக்கும், சில மாதங்களில் பழைய கதைதான். உங்கள் பஞ்சு வார்த்த பஞ்சாகவே இருந்து, முழங்காலால் அழுத்தி எடுத்தவுடன் எழும்பினால், அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். அமுங்கிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, கெட்டியான ரீபாண்டட் பஞ்சை (பஞ்சுத் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்தது) வைத்து ஒட்டிச் சீவிச் சமன் செய்வதே மேல். ஒட்டும்போது பசையை ஓரத்தில் மட்டும் தடவச் சொல்லுங்கள். பரப்பு முழுவதும் தடவினால் காய்ந்தபின் நடுவில் அப்பளம்போல ஒரு கெட்டித் தகடு உருவாகி, உட்காருகிறவருக்கு உறுத்தும்.

கடைசியாகத்தான் ரெக்சின். துணிமேல் பிவிசி பூசியதே ரெக்சின். அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுவதால்தான் நாள்பட்டபின் விறைத்து வெடிக்கிறது. தைக்கும் நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நூல் இழுவைக்கு நன்றாகத் தாங்கினாலும் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் இற்றுவிடும். உட்காரும் இடத்தின் நடுவே அலங்காரத் தையல் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீர் இறங்கும் வழி. நீங்கள் மேலே மாட்டிய ரெடிமேட் கவர் செய்த தீங்கும் இதுவே: ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போவதை அது தடுக்கவில்லை, போன தண்ணீர் காய்வதை மட்டும் தடுத்தது.

சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன் முடிவு சொல்வது சரியல்ல.

பதில்: தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

மேலே எழுதியவர் தொழில் தெரிந்தவர். அவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனாலும் பழையதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற எண்ணத்தால் நான் பட்ட சிரமத்தைச் சொல்வது உங்களுக்குப் பயன்படலாம்.

என்னுடையது ஸ்கூட்டர். நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை உறை மாற்றினேன். இரண்டாம் முறை மாற்றியபோதே பிளாஸ்டிக் அடிப்பகுதியில் கீல் அருகே ஒரு விரிசல் இருந்திருக்கிறது. வேலை செய்தவர் அதை என்னிடம் சொல்லாமல் அதன் மேலேயே பின் அடித்து மூடிவிட்டார். சில வாரங்களில் விரிசல் விரிந்து, சீட்டைப் பூட்டினாலும் கொக்கி பிடிக்காமல் போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சீட் தூக்கிக்கொண்டது. பின்னால் என் மகள் இருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை என்றாலும், அன்றே முழு சீட்டாக வாங்கி மாற்றினேன். இரண்டு முறை உறைக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டினால் அதுவே புதிய சீட்டின் விலையைத் தாண்டியிருந்தது.

புதிய சீட் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் வண்டியில் வைத்துப் பூட்டிப் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் நான்கும் சட்டத்தில் சமமாக உட்கார வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் மற்ற மூன்று இடங்களில் தகடு வளைந்து சீக்கிரம் உடையும்.

உங்கள் அம்மாவுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறை மாற்றும்போது சீட்டின் குறுக்கே ஓடும் பிடிவாரைப் பல கடைகளில் திரும்பப் போடுவதில்லை. பின்னால் அமர்பவருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முதுகுவலிக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்கிலும் இடுப்பைத்தான் இறுக்குவார். பிடிவாரைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பஞ்சை உயர்த்திக் கட்டுவதாக இருந்தால், உங்கள் இரு பாதங்களும் தரையில் முழுதாக ஊன்றுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றினேன். பின்பக்க போல்ட் ஒன்று துருவேறி இறுகியிருந்ததால் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்துதான் எடுக்க முடிந்தது. கையில் தூக்கியபோதே, ஒரு சீட் இவ்வளவு கனமாக இருக்குமா என்று தோன்றியது.

காந்தம் ஒட்டியது, இரும்புத் தகடுதான். மீன் பெட்டி கட்டும் இடத்துக்கு நேர் கீழே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். முன் ஓரத்தில் அடுத்தடுத்து ஆறு பற்கள் உதிர்ந்துவிட்டன. பூட்டுக் கொக்கி பற்றவைத்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை முழுதாக இறங்கவில்லை, ஆனால் அழுத்தினால் தகடு உள்வாங்குகிறது. முன்பாதிப் பஞ்சு மஞ்சளாகி மாவுபோல உதிர்கிறது. பின்பாதி மட்டும் இன்னும் எழும்புகிறது. அதைப் பிழிந்தபோது பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

எதிர்பாராத விஷயம் சீட்டுக்குக் கீழே இருந்தது. பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருக்கிறது. ஒரு வயர் இணைப்பு கை பட்டதும் ஒடிந்தது. சீட் உட்காரும் சட்டக் குழாய்களின் மேற்புறம் பெயின்ட் இல்லாமல் பழுப்பேறியிருக்கிறது. பின்பாதிப் பஞ்சைக் கழுவிப் பயன்படுத்த முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளி

சீட் வேலை எனக்குத் தெரியாது, உப்பைத் தெரியும். உங்கள் சீட் ஏன் மழை இல்லாமலே நனைகிறது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பஞ்சில் ஏறிய தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும், அந்த 35 கிராம் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த நாள் மறுபடியும் நனைந்தால் மறுபடியும் சேரும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். அதனால்தான் பாத்தியில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரை நாங்கள் வடித்து வெளியேற்றுகிறோம். கடற்கரையில் இரவும் விடியலும் ஈரக்காற்றுதானே. ஆகவே உப்பு வெளியேறாதவரை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் உங்கள் சீட் ஈரமாகத்தான் இருக்கும்.

கழுவலாம். ஆனால் கடலோரத்துப் போர்த் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, அதுவே உவர். நம் பக்கத்தில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு தொட்டியில் முக்கி, முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வெளியேற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி நான்கு முறையாவது செய்யுங்கள். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிப்பே தெரியக் கூடாது. பிறகு வெயிலில் வைக்காமல் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதமாக இருந்தால் மூன்று நான்கு நாட்களில் உலர்ந்துவிடும்.

பதில்: தங்கச்சிமடம், மீன் வியாபாரம் செய்பவர்

தம்பி, நான் சொல்வது வேறு. இவ்வளவும் கழுவி, காய வைத்து, ஒட்டித் தைத்து முடிக்கும் நாட்களில் வண்டி இல்லாமல் நீங்கள் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தையும் கணக்கில் சேருங்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வியாபாரம் நின்றது என்று பொருள். அதனால் நான் சீட்டை ஒக்கிட்டுக்கொண்டிருக்காமல் புதியதாகவே வாங்கிப் பூட்டிவிடுவேன். உறை வேலை எதுவாக இருந்தாலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்குத் தள்ளி வைப்பேன்.

எதைச் செய்தாலும் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இனி யாராவது அந்த வண்டியில் மீன் பெட்டி கட்டுவதாக இருந்தால் சீட்டின் மேல் கட்ட வேண்டாம். பின்பக்கச் சட்டத்தில் ஒரு கேரியர் பற்றவைத்து, பெட்டியின் அடியில் ஒரு குழாய் சொருகித் தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி விட்டால் சீட்டும் பிழைக்கும், பேட்டரியும் பிழைக்கும்.

பதில்: கீழக்கரை, குஷன் வேலை செய்பவர்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் முடிவு இது. அந்தத் தகடு வேண்டாம். பின்னால் உள்ள இரண்டு ஓட்டைகள் பெரிதல்ல. ரிவெட் அடித்து ஒட்டுப்போட்டிருக்கலாம். முன் ஓரத்தில் தொடர்ந்து ஆறு பற்கள் போனதும்கூடச் சமாளிக்கக் கூடியதுதான். ஆனால் கொக்கி இருக்கும் இடம் அழுத்தினால் உள்வாங்குகிறது என்றால் இரும்பு காகிதமாகிவிட்டது. இவ்வளவு மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஒட்டுவதற்குப் பதிலாக உருகி இன்னும் பெரிய ஓட்டையாகும். ரெக்சின் மட்டும் மாற்றியிருந்தால் 550 ரூபாயையும் அந்தத் தகட்டோடு சேர்த்து இழந்திருப்பீர்கள்.

அதே நேரம், உடனே 1,750 ரூபாய்க்குப் போக வேண்டியதில்லை. உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டியோடு வந்த தகட்டின் பொருத்தம் கடையில் விற்கும் எல்லாவற்றிலும் வருவதில்லை. பரமக்குடிக்கோ மதுரைக்கோ போகும்போது பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் சீட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். உறை எவ்வளவு கிழிந்திருந்தாலும் கவலைப்படாதீர்கள், தகட்டை மட்டும் பாருங்கள். கடல் காற்றுப் படாத ஊர்களில் ஓடிய வண்டியின் தகடு பெரும்பாலும் பெயின்ட்கூடப் போகாமல் இருக்கும். அதில் இருக்கும் பஞ்சும் உப்பு ஏறாததாகவே இருக்கும் என்பதால், உங்கள் பஞ்சைக் கழுவும் தண்ணீரும் மிச்சம். அப்படிக் கிடைக்காவிட்டால் தங்கச்சிமடத்துக்காரர் சொன்னபடி புதிய சீட்டே வாங்கிவிடுங்கள்.

எந்தச் சீட்டாக இருந்தாலும் பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை மேல்பக்கம் மட்டும் விரிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தைச் சுற்றிக் கட்டக் கூடாது. தகட்டில் இருக்கும் வடிகால் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். அம்மா உட்காரும் பின்பகுதியில் பஞ்சை முன்பக்கம் சாயாமல் சமமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் மேல் சரிந்துகொண்டே வருவார். சீட் வெளியே இருக்கும்போதே சட்டக் குழாய்களைத் தேய்த்து பெயின்ட் அடித்து, பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் வைத்துவிடுங்கள். மழை ஐப்பசியில் தொடங்கும் ஊர் நம் ஊர். அதற்கு முன் இதை முடிப்பது நல்லது.

பதில்: கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பரமக்குடியில் மூன்றாவது கடையில் அதே மாடல் சீட் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. உறை முழுவதும் பூனை பிறாண்டியிருந்தது. தகட்டில் ஸ்க்ரூ டிரைவரால் எங்கே குத்தியும் இறங்கவில்லை. முன்பகுதியில் மட்டும் ரீபாண்டட் பஞ்சு வைத்து, பாலித்தீன் விரித்து, நடுத்தையல் இல்லாமல் பாலியஸ்டர் நூலில் உறை தைத்து, பிடிவாரோடு சேர்த்து 900 ரூபாய் ஆயிற்று. வயரிங்குக்கும் பெயின்ட்டுக்கும் 380 ரூபாய். மொத்தத்தில் புதிய சீட்டின் விலைக்கு மிக அருகில் வந்துவிட்டது என்பதையும், பத்து நாட்கள் பேருந்தில் போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தங்கச்சிமடத்து அண்ணனின் கணக்கு தவறில்லை. ஆனால் எட்டு நாட்களாகக் காலையில் சீட் காய்ந்தே இருக்கிறது. அப்பா முழங்காலால் மூன்று இடங்களில் அழுத்திப் பார்த்துவிட்டு, தகடு நல்ல தகடுதான் என்றார். நேற்று அம்மாவை அழைத்துப் போனேன். வழக்கமாக உச்சிப்புளியில் இறங்கி நின்றுவிட்டுப் போவோம், நேற்று நிறுத்தச் சொல்லவில்லை. முன் ஓரத்தில் மட்டும் ரெக்சின் கொஞ்சம் தளர்ந்ததுபோலத் தெரிகிறது. இது தையலின் குறையா?

பதில்: கீழக்கரை, குஷன் வேலை செய்பவர்

குறையில்லை தம்பி. புது ரெக்சின் முதல் சில வாரங்களில் இழுவை கொடுக்கும். ஒரு மாதம் ஓட்டிவிட்டுத் தைத்தவரிடமே கொண்டுபோய் முன் ஓரத்துப் பற்களை மட்டும் பிரித்து, அரை விரல் அளவு இழுத்து மறுபடியும் மடக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அவருக்கு நேரமில்லை என்றால் கீழக்கரைப் பக்கம் வரும்போது என்னிடம் வாருங்கள், நான் செய்து தருகிறேன்.